காலி இடத்துக்குப் பின்னால்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்காலையும் என்னுடைய வாயையும் சேர்த்துக்கொள்ளாமல் சொன்னால். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். குட்டிக்குச் சளி விட்டதா? போனில் அவள் மூக்கை உறிஞ்சியது எனக்கு இங்கே கேட்டது, நீ என்னவோ ஒன்றுமில்லை என்று சாதித்தாய். காதை மூடாமல் அவளை வெளியே கூட்டிப் போகாதே, நீயும் ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. மேல்வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், இப்போது மேலே நடமாட்டம் இல்லை. நல்லதுதான் என்று அப்பா சொல்கிறார். எனக்கு அப்படி இல்லை, சத்தம் இல்லாவிட்டால் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன், கேட் கிறீச்சிட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன், தபால்காரர், பால்காரர், ஒன்றும் இல்லாவிட்டால் காற்று.

கார் கிளப்போடு போனது எப்படி இருந்தது என்று நீ கேட்டபோது நன்றாக இருந்தது, மழைதான் கெடுத்தது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். நீ நம்பவில்லை என்று தெரியும். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் குரல் உடைந்துவிடும், அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ கையைப் பிசைவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி, மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, அவரும் தெரிந்துகொள்ளட்டும், இந்த வீட்டுக்கு வரவே பயமாக இருக்கிறது என்று நீ சொல்வதற்கு நான் இனிமேல் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கிளப்பைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும், நீ போன பிறகுதான் அப்பா அதில் மும்முரமானார். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை வரிசையாக ஓட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே மேட்டின் மேல் இருக்கும் போர்வீரர் நினைவிடத்துக்குப் போவார்கள். தலைவர் நம் பல் டாக்டர். உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு உன்னிடம் கடி வாங்கினாரே, அவரேதான். வரிசையின் நடுவில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் விட்டுவிட்டுப் போவோம். திரும்பி வராதவர்களுக்கான இடம் அது. அந்தக் காலி இடத்துக்கு முன்னால் போகிறவருக்கு ஆவி என்று பெயர். ஆள் குண்டாக, கலகலப்பாக இருப்பார், ஆனால் அவர் வண்டியின் ரேடியேட்டர் மேடு ஏறும்போதெல்லாம் புகைந்து தள்ளும், அதனால் அந்தப் பெயர். காலி இடத்துக்குப் பின்னால் போகிற வண்டிதான் கஷ்டம். முன்னால் ஒட்டவும் கூடாது, விலகவும் கூடாது, வேறு யாரும் உள்ளே நுழைந்துவிடவும் கூடாது. அப்பாவால் கிளட்சை மிதிக்க முடியவில்லை என்று ஆனதிலிருந்து நம் வண்டியை நான்தானே ஓட்டுகிறேன், பாதி ஆயுளை ஓட்டுநர் பள்ளியில் கற்றுக்கொடுத்தே கழித்தவள் என்பதால் அந்த இடத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்பா முதலாளி மாதிரிப் பின் சீட்டில் உட்கார்ந்து வாக்கி டாக்கியைப் பிடித்துக்கொண்டு வருவார். என் பக்கத்து சீட்டில் அவரை நான் உட்கார விடுவதில்லை. அது ஏன் பின்னால் தள்ளியே கிடக்கிறது என்று உனக்குத் தெரியும், உன் அண்ணனின் கால் நீளம் அப்படி.

நினைவிடத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டிக்காரரும் தன் வண்டியின் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போரில் போன ஒருவரின் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவைக்கும் யாரும் வராவிட்டால் எல்லா வண்டிகளும் ஒரு ஹாரன் அடிக்கும். பிறகு கதவைச் சாத்திவிட வேண்டும், அவ்வளவுதான், அந்த ஆளை வழியனுப்பியாகிவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷம் நான் யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறேன். இந்த வருஷம் உன் அண்ணன் பெயரைக் கொடுத்துவிட்டார் அப்பா. என்னைக் கேட்காமல். பல் டாக்டர் வீட்டுக்கு வந்து, "அம்மா, இந்தத் தடவை உங்க பையனை நீங்களே கூப்பிடப் போறீங்கன்னு சார் சொன்னாரு" என்றபோதுதான் எனக்கே தெரியும். அவர் போன பிறகு நான் அப்பாவிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. பேசாமல் இருந்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைக்கிற சத்தத்திலேயே சண்டை நடந்தது. அந்த வாரம்தான் நீயும் போன் செய்து, "கூப்பிட்டு முடிச்சிருங்கம்மா, உங்களுக்கும் ஒரு முடிவு வேணும்ல" என்றாய். அப்பனும் மகளும் பேசி வைத்துக்கொண்டீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

உங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. அவன் பட்டாளத்தோடு பாலம் போடப் போன இடத்தில் வெள்ளம் வந்து, காணவில்லை என்று முதலில் சொன்னார்கள். பிறகு வீரமரணம் என்று எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், நான் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? நான்தான் அவனை ஊருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேனே. பயப்படாதே, புத்தி பிசகிவிட்டது என்று நினைக்காதே, முகத்தைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. அவன் ஓட்டுகிற விதம் உனக்கு ஞாபகம் இருக்கும், திருப்பம் வருவதற்கு முன்னால் பிரேக்கை இரண்டு தடவை லேசாகத் தட்டுவான், பின் விளக்கு இரண்டு தடவை மினுங்கும், அதற்குப் பிறகுதான் நிஜமாக வேகத்தைக் குறைப்பான். நான் ஓட்டுநர் பள்ளி வண்டியில் அவன் பின்னால் போகும்போது எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். அந்த மினுக்கல் என் கண்ணில் படும். ஆஸ்பத்திரி வளைவில் ஒரு டாக்ஸியில், மேம்பாலம் இறங்கும் இடத்தில் ஒரு வெள்ளை வண்டியில், அடை மழையில் ஒரு லாரியில்கூட. பட்டதும் பின்னாலேயே போவேன், சிக்னலில் தவறவிடுவேன், வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காத மாதிரிக் காய் நறுக்குவேன். அவன் எங்கேயோ இருக்கிறான், ஏதோ காரணத்தால் வீட்டுக்கு வர முடியவில்லை, ஆனால் இருக்கிறான். இப்படித்தான் நான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

அன்று காலையில் புறப்படும்போதே பனியும் தூறலும். முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பல் டாக்டர் வாக்கி டாக்கியில், யாரும் வழியைப் பார்க்க வேண்டாம், முன் வண்டியை மட்டும் பாருங்கள், அதை விடாமல் வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பழைய கிடங்குகள் இருக்கும் சாலையில் ஒரு சின்ன சாம்பல் வண்டி பக்கத்துச் சந்திலிருந்து விருட்டென்று வந்து காலி இடத்துக்குள் நுழைந்துவிட்டது. நான் ஹாரனை வைத்து அமுக்கினேன். வாயில் வந்ததையும் சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன். அந்த வண்டி விலகவில்லை, ஏதோ அவசரம். ஆவியின் வண்டி அதற்கு முன்னால் புகையோடு புகையாகப் பனியில் கரைந்துவிட்டது. அடுத்து நாற்சந்தி. சாம்பல் வண்டி பிரேக்கைத் தட்டியது. மினுக், மினுக். பிறகு மெல்ல வேகம் குறைத்துத் திரும்பியது.

உன் அண்ணனுக்கென்று விட்ட இடத்தில், அவன் பெயரைக் கூப்பிடப் போகிற நாளில், அந்த விளக்கு. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டு. நினைவிடத்துக்கு நேராகப் போக வேண்டும். நான் திரும்பினேன். அப்போது பார்த்து வாக்கி டாக்கியில் பல் டாக்டர், "ஆவியை விட்டுறாதீங்க, ஆவி பின்னாடியே வாங்க" என்றார். பின்னால் இருந்து அப்பா நிதானமாக, "ஆவி பின்னாடிதான் போறோம் டாக்டர்" என்று பதில் சொன்னார்.  வழி மாறிவிட்டது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. கண்ணாடியில் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை, முன் கண்ணாடி வழியாக அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னை நம்பித் திரும்பிவிட்டார்கள், அவர்களை நம்பி அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும். பாதி வரிசை என்னோடு வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் போனோம் என்று தெரியாது. தெருக்கள் குறுகிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் மினுக், மினுக். நான் அவனோடு பேசவே ஆரம்பித்துவிட்டேன். மெதுவா போடா, ரோடு வழுக்குது, எங்கேடா கூட்டிட்டுப் போறே என்றெல்லாம் வாய்விட்டுச் சொன்னேனாம், அப்பா பிறகு சொன்னார். கடைசியில் அந்த வண்டி ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குச் சரிவில் இறங்கியது. நானும் இறங்கினேன். எல்லோரும் இறங்கினார்கள். வெளிச்சம் குறைந்த இடம், வரிசையாகத் தூண்கள், தரையெல்லாம் எண்ணெய்க் கறை, கிழட்டு இன்ஜின்கள் எல்லாம் ஒன்றாக உறுமியபோது சுவர்கள் அதைத் திருப்பித் திருப்பி எங்கள் மேலேயே எறிந்தன. முன்னால் போக வழி இல்லை. சாம்பல் வண்டி நின்றது. கதவு திறந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை, பிரசவத்துக்குப் போனபோதுகூட இல்லை.

கருவிப் பையோடு ஒரு இளைஞன் இறங்கினான். லிஃப்ட் மெக்கானிக். மேலே யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், அந்த அவசரம். பாவம், தன்னைத் துரத்திக்கொண்டு இத்தனை அரதப்பழசான வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்து வெலவெலத்துப் போய்விட்டான். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்றான். குள்ளமான பையன், சப்பை மூக்கு. உன் அண்ணனுக்கும் அவனுக்கும் ஒரு பொருத்தம்கூட இல்லை. நான் இறங்கி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவனும் பார்த்தான். பிறகு அவன் முகம் மலர்ந்துவிட்டது. "டீச்சர்! நீங்களா! எனக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தது நீங்கதானே டீச்சர்" என்றான். எனக்கு அவனை ஞாபகமே இல்லை. என்ன கேட்பது என்று தெரியாமல், ஏன் இரண்டு தட்டு தட்டுகிறாய் என்று கேட்டேன்.  அவன் சிரித்தான். "நீங்கதானே டீச்சர் சொல்வீங்க, திருப்பம் வந்தாலே, தட்டு தட்டுன்னு. பக்கத்துல உட்கார்ந்து தொடையில அடிப்பீங்களே. எங்க பேட்ச்ல எல்லாரும் இப்படித்தான். இன்னிக்கும் மறக்கலை, ரெண்டு தட்டு" என்றான்.

தட்டு தட்டு. வா வா என்கிறோம், போ போ என்கிறோம், சாப்பிடு சாப்பிடு என்கிறோம், அதற்காக யாராவது இரண்டு தடவை சாப்பிடுவார்களா? பின்னால் வருகிறவனுக்குத் தெரிய ஒரு தட்டு தட்டு, சீக்கிரம் தட்டு, அதைத்தான் நான் சொன்னேன். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், அவர்கள் இரண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்குப் பின் விளக்கு தெரியுமா? என்னிடம் கற்றுக்கொண்ட ஆயிரம் பேரும் இந்த ஊரில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டுதான் திரிகிறார்கள். டாக்ஸிக்காரன், லாரிக்காரன், வெள்ளை வண்டிக்காரன். உன் அண்ணனும் அந்த ஆயிரத்தில் ஒருவன், அவ்வளவுதான். அவனுடையது என்று நான் நினைத்தது அவனுடையது இல்லை. என் குரல்தான் ஊரெல்லாம் சுற்றி வந்து என்னையே ஏமாற்றியிருக்கிறது. அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தான், நல்லா இருங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினான். 

பின்னால் வந்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் பின்பக்கமாகவே சரிவில் ஏறினார்கள், ஒரே புகை, இருமல். சாலைக்கு வந்த பிறகு அப்பாவிடம் கேட்டேன், வழி மாறியது தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று. கொஞ்ச நேரம் வாக்கி டாக்கியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் அவன்தான்னு தோணுச்சு" என்றார். "நீ பின்னாடி போறப்போ எல்லாம் நான் பின் சீட்டுலதானே இருந்தேன். நானும்தான் பார்த்துட்டிருந்தேன்" என்றார். இத்தனை வருஷம் ஒரே வண்டியில் இரண்டு பேரும் ஒரே விளக்கைப் பார்த்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம். பிறகு எதற்கு அவன் பெயரைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "நீ இப்படித் தவிக்கிறதைப் பார்க்கச் சகிக்கலை" என்றார். என் கோபம் அங்கேயே போய்விட்டது.

மேட்டில் மீதிப் பேர் எல்லாம் நனைந்துகொண்டு நின்றார்கள். கடைசி வண்டி வராமல் ஆரம்பிக்கக் கூடாது என்பது கிளப் விதி. ஆவி ஓடி வந்து, "எங்கம்மா போனீங்க, நான்தான் உங்களைத் தொலைச்சிட்டேனோன்னு பதறிட்டேன்" என்றார், அந்தப் பெரிய மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள், ஹாரன் அடித்தார்கள், கதவுகள் சாத்தப்பட்டன. என் முறை வந்தது. பக்கத்துக் கதவைத் திறந்தேன். தள்ளிப்போட்ட அந்த சீட்டில் தூறல் விழுந்தது, அப்பா அதைத் தன் கையால் மறைக்கப் பார்த்தார். அவன் பெயரைக் கூப்பிட்டேன். பள்ளியில் கூப்பிடுகிற குரலில், நன்றாக, கணீரென்று. யாரும் வரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டேன். இரண்டாவது தடவை குரல் வேறு மாதிரி வந்தது, சாப்பிட வாடா என்பது போல. மேட்டுக்கு அந்தப் பக்கம் பனிக்குள் போய்விட்டது அந்தச் சத்தம். எல்லோரும் ஹாரனில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மூன்றாவது தடவை வாயே திறக்கவில்லை. நீ நினைப்பது போல வீம்பு இல்லை. அன்று காலை வரைக்கும், அவன் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்த வரைக்கும், மூன்று என்ன, முப்பது தடவை கூப்பிட்டுவிட்டு வந்திருப்பேன், பொய்க்குத்தானே என்று. இப்போது அவன் வர மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எப்படிக் கூப்பிடுவது? அப்பாவைப் பார்த்தேன், நீங்களாவது என்று. அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.  மூன்றாவது தடவை கூப்பிடாமல் ஹாரன் அடிக்க முடியாது, வீட்டு ஆள் கூப்பிட ஆரம்பித்துவிட்டால் வெளி ஆள் முடிக்கவும் கூடாது, வீட்டு ஆள்தான் முடிக்க வேண்டும். கடைசியில் பல் டாக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "இருக்கட்டும்மா, பாக்கி இருக்கட்டும்" என்றார். கதவைச் சாத்த எனக்கு மனசு வரவில்லை, விதியும் இடம் கொடுக்காது. அந்தப் பக்கத்துக் கதவை ஒரு கயிற்றால் லேசாகக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு ஓட்டி வந்தோம், வழி முழுக்க அது அடித்துக்கொண்டே வந்தது. ஷெட்டில் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. காற்றடித்தால் இங்கே கூடம் வரைக்கும் கேட்கிறது, இப்போது எழுதும்போதுகூட. முன்பெல்லாம் சத்தம் கேட்டால் எழுந்து போவேன். இப்போது எழுந்திருப்பதில்லை.

நீ வா. லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் இல்லை என்று சொல்லாதே, அதையெல்லாம் நான் முன்பே கேட்டுவிட்டவள். கிளப் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், நீ வருகிற அன்றைக்கு எல்லோரையும் திரட்டிவிடுகிறேன் என்று பல் டாக்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை, வீட்டில் மிச்சம் இருப்பது நீதான். ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும். உன்னிடம் இதைக் கேட்பது அநியாயம் என்று எனக்குத் தெரியும், பெற்றவளே செய்ய முடியாததைக் கூடப் பிறந்தவளைச் செய்யச் சொல்கிறேன். கையை நான் பிடித்துக்கொள்கிறேன். கதவை அப்பா சாத்துவார், அதை மட்டும் அவர் செய்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். குட்டிக்கு என் முத்தங்கள், அவள் மூக்கைத் துடைத்துவிட்டுக் கொடு. வரும்போது அவளுக்குக் கனமான சட்டை எடுத்துக்கொள், மேட்டில் காற்று பலம். மறந்துவிடாதே, அவன் பெயரை முழுசாகக் கூப்பிட வேண்டும், நீ கூப்பிடுகிற செல்லப் பெயரில் கூப்பிட்டுவிடாதே. அதற்கு அவன் வந்துவிடுவான்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா